ஏழாவது தாள்

முதலில் கெடுத்தவர் சங்கரநயினார். மற்றவர்கள் எல்லாரும் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவர்கள். அவர்களை வெயிலுமுத்து கூட்டத்தோடு கூட்டமாகத்தான் வெறுத்தார். சங்கரநயினாரை மட்டும் தனியாக, ஆற அமர, இருபத்தொரு வருஷமாக வெறுத்து வந்தார். அந்த மனிதருடைய பிடரி இப்போது மூன்று வரிசைக்கு முன்னால் இருந்தது. ஒட்ட வெட்டின நரைமுடி, அதற்குக் கீழே குறுக்கே ஓடுகிற ஒரு மடிப்பு, மடிப்புக்குள் காலையில் போட்ட பவுடர் வேர்வையில் திரிதிரியாக உருண்டு கிடந்தது. எழுபத்திரண்டு வயதுப் பிடரி. சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்ற பிடரி. ஓய்வு பெற்றும் என்ன, இந்தக் கோர்ட்டுக் கட்டடத்தில் கை வைத்த நாற்காலி அதற்குத்தான். மற்றப் பன்னிரண்டு பேருக்கும் கையில்லாத பிளாஸ்டிக் நாற்காலி. பழைய வழக்குக் கட்டுகளை எல்லாம் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். அனுபவசாலி வேண்டும் என்று அவரை ஆலோசகராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். அனுபவம். வெயிலுமுத்து அந்தச் சொல்லை வாய்க்குள் போட்டு மென்றார், துப்ப இடமில்லாமல் விழுங்கினார். முப்பத்து நாலு வருஷமாக ஆவண அறையில் அட்டெண்டராக அந்தக் கட்டுகளைத் தூக்கி இறக்கித் தும்மினவர் அவர். அவரை யாரும் ஆலோசனை கேட்கவில்லை. கேட்க வேண்டாம். இன்னும் இரண்டு மாதத்தில் அவருக்கும் ஓய்வு. அதற்குள் அந்தப் பிடரி இந்தப் பக்கம் திரும்பி, நாலு பேர் காதுபட, ‘அது உம்ம தப்பு இல்லை’ என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். பணிப்பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதியிருக்கிற ‘கவனக்குறைவு’ இனி அழியாது என்று அவருக்குத் தெரியும். மை இருந்துவிட்டுப் போகட்டும். வாக்கியம் வேண்டும். அந்த வாயிலிருந்து வேண்டும்.

சுவரில் சார்ட்டு தொங்கியது. மரம் என்றாள் அந்தப் பெண். பெனாசிர் என்று பேர், கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து வந்து மூன்று நாளாகப் பாடம் எடுக்கிறாள். சிறிசு, ஆனால் தொண்டை பெரிசு. “இது மரம். மேல இருக்குதே, இதுதான் வேர்.” வேர் மேலேயாம். எந்த ஊரில் பார்த்தாள். வேர் மேலே தெரிகிற மரத்தை வெயிலுமுத்து ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார், ஆற்றில் வெள்ளம் வந்த வருஷம், பாலத்துக்குக் கீழே. தலைகுப்புற அடித்து வந்து தூணில் மாட்டி நின்றது. அதன் வேரில் ஒரு ஆட்டுக்குட்டி செத்துத் தொங்கியது. அதுதான் இது. மேலே ஒரு பெட்டி, அதில் ‘வழக்கு’ என்று எழுத்து. அதிலிருந்து நாலு கோடு கீழே இறங்கி நாலு பெட்டி: மனு, எதிருரை, சான்றாவணங்கள், தீர்ப்பு. சான்றாவணங்களிலிருந்து மறுபடியும் கோடுகள், ஐந்து சின்னப் பெட்டிகள், ஐந்து தாள். மேலே இருப்பது தாய், கீழே இருப்பது பிள்ளை, பக்கத்தில் இருப்பது கூடப்பிறந்தது. “அண்ணாச்சி, இதுல தகப்பனே கிடையாது பாத்தியளா. எங்க வீடு மாதிரியே போட்டிருக்கு” என்றாள் பக்கத்து நாற்காலி மரியதங்கம். தபால் பிரிவு அட்டெண்டர், எதற்கும் சிரிக்கிறவள். வெயிலுமுத்து சிரிக்கவில்லை. அவருக்கு மரியதங்கத்தின் பேரில் விரோதம் எதுவும் இல்லை, ஆனால் அந்தக் காலத்தில் அவளும்தான் ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். மின்விசிறி மூன்று சுற்றுக்கு ஒரு தரம் டக் என்றது. எண்ண வேண்டாம் என்று நினைத்தாலும் அவருக்கு எண்ணாமல் இருக்க முடியாது. ஒன்று, இரண்டு, மூன்று, டக்.

எண்ணிக்கைதான் அவருடைய படிப்பு. ஐந்தாவதோடு நின்றது. தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பார், இங்கிலீஷ் கண்ணுக்குப் பூச்சி ஊர்கிற மாதிரி. ஆனால் அந்தக் காலத்தில் கட்டுகளில் எல்லாமே இங்கிலீஷ்தான். ஒரு வழக்கின் தாள்களை வரிசைப்படி அடுக்கி, ஓரத்தில் துளை போட்டு, கோணி ஊசியில் நூல் கோத்துத் தைத்திருக்கும். மேலே ஒரு அட்டவணைத் தாள், எத்தனையாவது தாள் என்ன என்று அதில் இருக்கும். அந்த வரிசைப்படி நகல் பிரிவிலிருந்து சீட்டு வரும்: இன்ன வருஷம், இன்ன நம்பர், ஏழாவது தாள். அவர் கட்டை இறக்குவார், கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொள்வார், எண்ணுவார். ஒன்று, இரண்டு, மூன்று. எழுத்தைப் பார்ப்பதே இல்லை. ஏழு என்றால் ஏழு. பதிமூன்று வருஷம் ஒரு பிசகு கிடையாது. பழைய ஜட்ஜ் ஒருவர் வேடிக்கைக்காக ஒரு கட்டைக் கொடுத்து நாற்பத்தெட்டாவது தாளை எடுக்கச் சொல்லிவிட்டுத் தானும் எண்ணிப் பார்த்து, “உன் விரல்ல கண்ணு இருக்குடா” என்றார். அந்த விரலைத்தான் சங்கரநயினார் ஊனமாக்கினார். இப்போதும் அந்தக் கட்டைவிரல் மடியில் கிடந்து மற்ற விரல்களைத் தடவிக்கொண்டே இருந்தது, நனைந்த கோழி மாதிரி.

“இந்தக் கறுப்புப் பெட்டி நீங்க நிக்கிற இடம்” என்றாள் பெனாசிர். நடுவில் ஒரு பெட்டியைச் சுற்றித் தடிமனாகக் கறுப்பு வளைத்திருந்தாள். “உங்களுக்கு மேல வேர் வரைக்கும் போறது சிவப்பு. உங்களுக்குக் கீழ இறங்குறது பச்சை. உங்களுக்கு முன்னால உள்ளது நீலம், பின்னால வாரது ரோஸ். எந்தத் தாள் எங்க இருக்குன்னு சொல்லணும்னா முதல்ல நீங்க எங்க நிக்கிறீங்கன்னு தெரியணும்.” அது தெரியாமலா. சிவப்பெல்லாம் எனக்கு மேலேதான். ஜட்ஜ், அவருக்குக் கீழே சிரஸ்தார், அவருக்குக் கீழே தலைமை எழுத்தர், அவருக்குக் கீழே நகல் எடுக்கிறவன், ஒப்புப் பார்க்கிறவன், எல்லாருக்கும் கீழே கட்டு இறக்குகிறவன். எனக்குப் பச்சையே கிடையாது. பழி மேலிருந்து இறங்கும்போது எந்தப் பெட்டியிலாவது தங்கியதா? நகல் எடுத்தவன் தலைப்பைப் பார்க்கவில்லை, அவனைத் தொடவில்லை. ஒப்புப் பார்த்தவன் பார்க்காமலே கையெழுத்துப் போட்டான், அவனையும் தொடவில்லை. மழைத்தண்ணி கூரையில் நிற்காத மாதிரி வழுக்கி வழுக்கி நேரே இந்தத் தலையில் வந்து விழுந்தது. அன்றைக்கு என்ன நடந்தது? அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அண்ணன் தம்பி இரண்டு பேர் வீட்டுக்குப் பாகம் கேட்டு நடத்தின வழக்கு, மேல் கோர்ட்டுக்குப் போயிருந்தது, கட்டு இன்னும் இங்கேதான் இருந்தது. அண்ணன்காரன் தன் பக்கத்து வரைபடத்துக்கு நகல் கேட்டிருந்தான். சீட்டில் ஏழாவது தாள். இவர் ஏழு எண்ணி எடுத்துக் கொடுத்தார். நகல் போனது. போய்ச் சேர்ந்தது வேறு வரைபடம். அதே வீடு, அதே கிணறு, அதே வேப்பமரம், ஆனால் கோர்ட்டு அனுப்பின ஆணையர் வரைந்தது. அதில் கிணறு தம்பி பக்கம் விழுந்திருந்தது. மேல் கோர்ட்டில் நாறிப்போனது.

வெயிலுமுத்து கைகட்டி நின்றார். “எண்ணத் தெரியாதா உனக்கு?” என்று கேட்டார் அப்போதிருந்த ஜட்ஜ். “தெரியும்யா. எண்ணித்தான்யா எடுத்தேன்.” அப்போது தலைமை எழுத்தராக இருந்த சங்கரநயினார் ஒரு எட்டு முன்னால் வந்து, குரலைத் தாழ்த்தி, இரக்கத்தைக் குழைத்து, “அஞ்சாவது படிச்ச ஆளுய்யா. மனசறிஞ்சு செஞ்சிருக்க மாட்டான். கவனக்குறைவுன்னு போட்டு விட்டிரலாம்” என்றார். காப்பாற்றிவிட்டார் என்று கட்டடமே பேசியது. வேலை போயிருக்க வேண்டியது, நயினார் ஐயா புண்ணியத்தில் ஒரு வரியோடு தப்பித்தாய் என்றார்கள். வீட்டில் பொன்னுத்தாய் ஒரு சீப்பு நாட்டு வாழைப்பழம் வாங்கிக் கையில் கொடுத்து, போய்க் கும்பிட்டுவிட்டு வாங்க என்று அனுப்பினாள். போனார். அதில் ஒன்றுகூட வெயிலுமுத்துவுக்கு மறக்கவில்லை. பழச் சீப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அந்த வீட்டு வாசலில் நின்றது, உள்ளேயிருந்து வருவதற்குக் கால்மணி நேரம் ஆனது, வந்தவர் பழத்தைத் தொட்டுப் பார்த்து, “நல்லாப் பழுக்கலையே வே” என்றது. கெடுத்தவனுக்கே பழம் கொண்டுபோய்க் கொடுத்தவன் உலகத்தில் தான் ஒருவனாகத்தான் இருக்கும். அன்றிலிருந்து இன்றுவரை எந்தக் கல்யாண வீட்டிலும் இலையில் வைக்கிற பழத்தை அவர் தொட்டதில்லை. பக்கத்து இலைக்காரன் எடுத்துக்கொள்வான்.

அதற்குப் பிறகு மேல் கோர்ட்டு வரவழைத்த கட்டு நாலு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. அலமாரியில் ஏற்றும்போது கண்ணில் பட்டது நூல். பழைய கட்டு, நூலெல்லாம் பழுப்பேறியிருக்க வேண்டும். ஓரத்தில் மட்டும் வெள்ளை நூல். பிரித்துப் பார்த்தால் மூன்றாவதாக ஒரு தாள், மற்றத் தாளெல்லாம் மஞ்சள், அது மட்டும் சலவை வேட்டி மாதிரி வெளுத்துக் கிடந்தது. அட்டவணைத் தாளில் அதற்கு வரியே இல்லை. ஏதோ ஒரு குறிப்பு, நாள் தப்பிப்போய்ச் சேர்க்க மறந்தது, யாரும் பார்ப்பதற்குள் அதன் தேதிப்படி நடுவில் சொருகித் தைத்துவிட்டார்கள். நடுவில் சொருகுகிற அதிகாரம் தலைமை எழுத்தருக்கு மட்டும்தான். ஏதோ பிடிபட்டது, ஆனால் பிடித்தது வழுக்கியது. கட்டைத் தூக்கிக்கொண்டு அவரிடமே போனார், மடையன், அவரிடமே. “ஐயா, நடுவுல புதுசா ஒரு தாள் இருக்கு.” அவர் முகம் ஒரு நொடி கல்லாகி, பிறகு சிரித்தது. “இருந்தா என்ன வே. நீர் எடுத்தது எத்தனாவது?” “ஏழாவதுய்யா.” “அட்டவணையைப் பாரும். ஆணையர் வரைபடம் எத்தனாவதுன்னு போட்டிருக்கு?” ஆறு என்று போட்டிருந்தது. “ஆறாவதை எடுத்துக் கொடுத்துட்டு ஏழாவதுன்னு சாதிக்கீரு. வச்சிட்டுப் போம்.” வைத்துவிட்டுப் போனார். மறுவாரம் கட்டு அலமாரிக்கு வந்தபோது அட்டவணையில் இடுக்கி இடுக்கி ஒரு வரி சேர்ந்திருந்தது, நம்பர்கள் எல்லாம் திருத்தியிருந்தது, வெள்ளை நூல் போய்ப் பழுப்பு நூல் வந்திருந்தது. அன்றைக்கு மண்டைக்குள் ஏறினது அந்த இரண்டு எண். ஆறா, ஏழா. ஏழுதான் எண்ணினேன். கொடுத்தது ஆறு. ஏழு எண்ணினால் ஆறு எப்படி வரும். செக்குமாடு சுற்றுகிற மாதிரி இருபத்தொரு வருஷம். குளிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, பெண்ணைக் கட்டிக்கொடுத்த பந்தலில் மாப்பிள்ளைக்குக் கால் கழுவும்போது கூட. ஆறா, ஏழா.

ஒருவேளை உண்மையிலேயே பிசகிவிட்டதோ? இதுதான் யாரிடமும் சொல்லாதது. அன்றைக்கு வீட்டில் பெண்ணுக்குக் காய்ச்சல், நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டுத்தான் வேலைக்கு வந்தார். நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் அந்த ஈரத்துணி ஞாபகம் வந்திருந்தால்? ஞாபகம் வந்ததா? வந்தது என்றும் தோன்றும், வரவில்லை என்றும் தோன்றும். இருபத்தொரு வருஷமாகத் திரும்பத் திரும்ப அந்தக் கட்டை மனசுக்குள் எண்ணி எண்ணி, உண்மையில் எண்ணினது எது, பிற்பாடு எண்ணினது எது என்று தெரியாமல் போய்விட்டது. ஊரில் வேறு மாதிரிப் பேசினார்கள். தம்பிக்காரனிடம் கை நீட்டிக் காசு வாங்கிவிட்டான், தெரிந்தேதான் மாற்றிக் கொடுத்தான். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா. ஊர் பேசினதைக்கூடத் தாங்கிக்கொண்டார். பொன்னுத்தாய் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல், “நீங்க ஒண்ணும் வாங்கலைல்ல?” என்று கேட்டாள். அந்தக் கடைசி ‘ல்ல’. அது இல்லாமல் கேட்டிருந்தால் மன்னித்திருப்பார். பிறகு அவள் ஆறு வருஷம் இருந்தாள், நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள், இரத்தம் சுண்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவர்தான் ராப்பகலாக உட்கார்ந்திருந்தார். சாகும்வரை அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லவே இல்லை. செத்துப்போனவள் மேல் விரோதம் பாராட்டக்கூடாது என்பார்கள். யார் சொன்னது. ஒன்று, இரண்டு, மூன்று, டக்.

“ஒரு பெட்டிக்குப் போக ரெண்டு வழி இருக்கு” என்றாள் பெனாசிர். “ஒண்ணு, எண்ணிப் போறது. சான்றாவணத்துல நாலாவது பிள்ளைன்னு. இன்னொண்ணு, உள்ள என்ன எழுதிருக்குன்னு பாத்துப் போறது. எண்ணிப் போறதுல ஒரு ஆபத்து இருக்கு, பாருங்க.” மேஜையிலிருந்து மஞ்சளாக ஒட்டுகிற தாள் ஒன்றைக் கிழித்தாள். ஐந்து பெட்டியில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் அதை ஒட்டினாள். அவ்வளவுதான் செய்தாள். “இப்ப நடுவுல ஒண்ணு வந்திட்டு. முன்ன மாதிரியே நாலாவதுன்னு எண்ணிப் போங்க. எங்க போய் நிப்பீங்க?” “மூணாவதுல” என்று யாரோ சொன்னார்கள். “பழைய மூணாவதுல. ஆனா அதுக்கு இப்ப நாலுன்னுதான் பேரு. போனவரு சரியாத்தான் போயிருக்காரு. வந்து சேந்ததுதான் தப்பான இடம்.” வெயிலுமுத்து நிமிர்ந்தார். சார்ட்டில் ஐந்து பெட்டி இருந்தது, அவர் கண்ணுக்கு எட்டு தெரிந்தது. ஒன்று, இரண்டு, அப்புறம் அந்த வெள்ளைத் தாள், பிறகு பழைய மூன்று, நாலு, ஐந்து, ஆறு, ஏழு. வெள்ளைத் தாள் மூன்றாகிறது. பழைய மூன்று நாலாகிறது. நகர்கிறது, எல்லாம் ஒவ்வொரு இடம் நகர்கிறது, ரயிலில் ஒருவனுக்கு இடம் விட்டு பெஞ்சே நகர்கிற மாதிரி. பழைய ஆறு ஏழில் வந்து உட்கார்கிறது. ஆணையர் வரைபடம் ஏழில் உட்கார்ந்திருக்கிறது. ஏழு எண்ணினால் ஆறு வரும். அதுதான் வரும். வேறு வராது. ஈரத்துணி ஞாபகம் வந்து அவர் ஒரு தாளைக் கூடுதலாகப் புரட்டியிருந்தால் அண்ணன்காரன் கேட்ட தாளே கையில் வந்திருக்கும். தப்பாக எண்ணியிருந்தால்தான் சரியான தாள் வந்திருக்கும். சரியாக எண்ணினதால் தப்பான தாள் வந்தது. ஆறும் சரி, ஏழும் சரி. மாடு நின்றது. இருபத்தொரு வருஷத்துக்குப் பிறகு செக்கு நின்றது, அந்த நிசப்தமே காதை அடைத்தது. அவருக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு மஞ்சள் காகிதம். ஒரு நிமிஷம். இதை அன்றைக்கு யாராவது ஒருத்தன் போட்டுக் காட்டியிருக்கக் கூடாதா, இவ்வளவு படித்தவர்கள் நின்றீர்களே. இந்தப் பெண் மேலும் ஆத்திரம் வந்தது, இவ்வளவு லேசாக ஒட்டிவிட்டாளே என்று.

பிடரி அசைந்ததா? அசைந்தது. சங்கரநயினாரின் வலது கை மேலே வந்து அந்த மடிப்பைச் சொறிந்தது, பவுடர்த் திரி ஒன்று சட்டைக் காலரில் விழுந்தது. தெரிந்து சொறிந்தாரா, அரித்ததா? பிடரியை வைத்து மனசைச் சொல்ல முடியாது. முகத்தைப் பார்க்க வேண்டும். பெனாசிர் ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்திருந்தாள், போய் நின்று, கேட்ட பெட்டிக்கு வழி காட்ட வேண்டும். எழுத்தர்கள் முதலில், அட்டெண்டர்கள் கடைசி, இதிலும். மரியதங்கத்தைத் தீர்ப்பிலிருந்து எதிருரைக்குப் போகச் சொன்னால் அவள் குச்சியை நேரே வேருக்கும் மேலே சுவரில் கொண்டுபோய் வைத்தாள். “அக்கா, அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது.” “எங்களுக்கு உண்டும்மா. அதுக்கு மேல கர்த்தர் இருக்காரு.” அறையே சிரித்தது. சங்கரநயினாரும் சிரித்தார், தோள் குலுங்கியது. சிரியும். சிரித்துக்கொள்ளும். போய் என்ன செய்வது? கேட்ட பெட்டியைக் காட்டிவிட்டு வந்து உட்காரலாம். இரண்டு மாதம். ஓய்வு பெறுகிறவனுக்கு ஒரு சால்வை போடுவார்கள், அதையும் சங்கரநயினார் கையால்தான் போடச் சொல்வார்கள், மூத்தவர் என்று. அப்போது தலையைக் குனிய வேண்டும். பழச் சீப்பை ஏந்தின மாதிரி. “வெயிலுமுத்து ஐயா” என்று கூப்பிட்டாள். எழுந்தார். முட்டு சொடுக்கியது. மூன்று வரிசையை ஆறு எட்டில் கடந்தார்.

“ரெண்டாவது சான்றாவணத்துக்குப் போங்கய்யா.” “அதுக்கு முன்னால நான் ஒண்ணு போட்டுக் காட்டலாமாம்மா?” “தாராளமா போடுங்க.” மை பேனா வழுக்கியது. வெள்ளைப் பலகையில் ஏழு பெட்டி போட்டார், ஒன்றும் சதுரமாக வரவில்லை, கடைசி இரண்டும் முட்டை மாதிரி இருந்தன. ஆறாவதில் ஒரு கிணறு வரைந்தார். ஏழாவதிலும் ஒரு கிணறு வரைந்தார், அடுத்த பக்கமாக. பிறகு சார்ட்டில் ஒட்டியிருந்த மஞ்சள் தாளைப் பிய்த்து, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒட்டினார். கட்டைவிரலை நாக்கில் தொட்டார். பலகையில் வைத்து வைத்து எண்ணினார், வாய் விட்டு. ஏழு என்றபோது விரல் ஆறாவது பெட்டியின் கிணற்றின் மேல் நின்றது. விரலை எடுக்காமலே திரும்பினார். முகம் இப்போது நேரே இருந்தது, நெற்றியில் மூன்று கோடு திருநீறு, கண்ணாடிக்குள் கண். “சிரஸ்தார் ஐயா. இது உங்களுக்கு விளங்குதா?” சங்கரநயினார் கண்ணாடியைக் கழற்றினார், வேட்டி முனையில் துடைத்தார், போட்டார். அந்த நேரத்துக்குள் வெயிலுமுத்து அந்தக் கண்ணில் ஒன்றைப் பார்த்தார். தெரிந்திருந்தது. பச்சையாகத் தெரிந்திருந்தது. “நல்லா விளங்குதே” என்றார் அவர், பெனாசிரைப் பார்த்து. “பழைய முறையில இப்படிப் பிசகு வந்திரும்மா. அதுக்குத்தான் கம்ப்யூட்டர் வேணுங்கது.” “இந்த மஞ்சத் தாளைச் சொருகினது யாருய்யா?” “யாரா இருந்தா என்ன வே. உதாரணம்தானே.” “ஆமாய்யா, உதாரணத்துக்கு ஆள் வேண்டாம்” என்றாள் அந்தப் பெண், முகமெல்லாம் சந்தோஷமாக. “நான் சொன்னதைவிட நல்லாப் போட்டிருக்காங்க. ஐயா, விரலை எடுக்காதீங்க, அப்படியே இருங்க.” போனை உயர்த்திப் படம் எடுத்தாள். அடுத்த ஊர் வகுப்பில் இதைக் காட்டப் போகிறாளாம். கை தட்டினார்கள். சங்கரநயினாரும் தட்டினார், மெல்ல, விரல்நுனியால். ஏழும் ஆறும் அந்தப் பலகையில் பட்டப்பகல் மாதிரி நின்றது, யாருக்கும் விளங்காதது எதுவும் இல்லை, எல்லாருக்கும் விளங்கியது. விளங்கின இடத்தில் ஆள் மட்டும் இல்லை. பெனாசிர் வெயிலுமுத்து பேருக்கு நேராகத் தேர்ச்சி என்று எழுதினாள்.

நாலு மணிக்கு வகுப்பு முடிந்து எல்லாரும் டீக்கு நகர்ந்தபோது சங்கரநயினார் வாசலில் நின்றார். மேலே வரும்போது யாரோ கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். இறங்குவதற்கு ஆள் இல்லை. கைப்பிடிச் சுவர் இல்லாத கருங்கல் படி, பதினொன்று. “வெயிலுமுத்து, கொஞ்சம் கையைக் குடும் வே. முட்டு மடங்க மாட்டேங்கு.” கொடுத்தார். அந்தக் கை லேசாக, சூடாக, எலும்பும் தோலுமாக வந்து உள்ளங்கையில் உட்கார்ந்தது. இந்தக் கைதான் ஊசி கோத்தது. ஒன்று. கிழவர் ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து மூச்சு விட்டார். இரண்டு. மூன்று. “உம்ம ஓய்வுக்கு நான் வந்து பேசுதேன், நல்லா நாலு வார்த்தை” என்றார். நாலு. நாலு வார்த்தை. ஐந்து. ஆறு. ஏழாவது படியில் வெயிலுமுத்து நின்றார். “என்ன வே நின்னுட்டீரு?” “இது எத்தனாவது படிய்யா?” “நான் எண்ணலையே.” “நான் எண்ணினேன். ஏழு. எனக்கு எண்ணிக்கை பிசகாது. அதை மட்டும் சொல்லுங்க.” சங்கரநயினார் கீழே பார்த்தார். கை உள்ளங்கைக்குள் ஒரு தரம் நழுவப் பார்த்தது, வெயிலுமுத்து இறுக்கவும் இல்லை, விடவும் இல்லை. கீழே டீ டம்ளரோடு போன மரியதங்கம் நிமிர்ந்து பார்த்து, “என்ன அண்ணாச்சி, ரெண்டு பேரும் கல்யாணப் போட்டாவுக்கா நிக்கிய?” என்று சிரித்துவிட்டுப் போனாள். பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தெரியும், ஒரு அட்டெண்டர் வயசான மனிதரைப் பதமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். “கால் நடுங்குது வே. இறக்கிவிடும்.” “சொல்லுங்க. இறக்கிவிடுதேன்.” கிழவரின் உதடு பிரிந்தது. உள்ளே நாக்கு அசைவது தெரிந்தது, வெற்றிலைக் கறை படிந்த நாக்கு, எதையோ எடுத்து மறுபடி வைத்தது. “வீட்டுல தேடுவாங்க” என்றார். வெயிலுமுத்து தலையசைத்தார். அவரை வீட்டில் தேட யாரும் இல்லை, நேரம் இருந்தது. வெயில் படிமேல் சாய்ந்து கிடந்தது. கீழே இன்னும் நாலு படி இருந்தது.